திருவிழாவுக்குத் தயிர் சாதம்

5 பிப்ரவரி 2009, வியாழன்

காலையில் பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். பஸ்.

வாங்க வேண்டியவை: குளியலறை பல்பு, சரோஜாவின் முட்டிவலித் தைலம், என் மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு.

செங்கல்பட்டு வரன் சனிக்கிழமை. வீட்டுக்கு வரவில்லை, வெளியே. நித்யாவின் உத்தரவு. "காபி தட்டோட நிக்க மாட்டேன்ப்பா. யார் வந்தாலும் மொத்த குவார்ட்டர்ஸும் பால்கனில நின்னு பாக்குது. அப்புறம் ஒரு மாசம் என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குது." நியாயம்தான். இதுவரை வந்தவர்கள் எல்லாரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றவர்கள். ஒருவருக்கு உயரம் போதவில்லை. ஒருவருக்குப் பெண் நைட் ஷிப்ட் போவது பிடிக்கவில்லை. மற்றவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. நித்யா அறைக்குள் போய் விளக்கை அணைத்துக்கொள்வாள். அதைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

மகாபலிபுரத்தில் கடற்கரைப் பக்கம் சாப்பாட்டு வண்டித் திருவிழாவாம். வேனுக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைத்துத் தருவார்களாம். பேப்பருக்குள் நோட்டீஸ் இருந்தது. ஏற்பாடு: ஐந்து மணி, பரோட்டா வண்டிப் பக்கத்தில், தற்செயலாகச் சந்திப்பது போல. இரண்டு வீட்டிலும் முன்கூட்டியே பேசிவைத்த தற்செயல்.

7 பிப்ரவரி, சனி

கிளம்பும்போதே சண்டை. சரோஜா கையில் டிபன் கேரியர். என்ன அது? தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பாட்டுத் திருவிழாவுக்கா? "வேன்ல செய்யறதை எவன் நம்பறது? எந்தத் தண்ணியோ." நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு வந்தது நான்தான்.

கூட்டம் என்றால் கூட்டம். சென்னையே பெட்டி படுக்கையோடு வந்துவிட்டது போல. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், மிச்சத்துக்கு நடை. மைதானத்துக்குள் நடக்க வேண்டியதுகூட இல்லை, பின்னால் இருப்பவர்களே கொண்டுபோய் விடுகிறார்கள். மணல், டீசல் புகை, மசாலா, ஜெனரேட்டர் சத்தம். யாரோ ஒருவர் போனில்: "நூடுல்ஸ் வண்டிகிட்ட கீறேன்டா. எந்த நூடுல்ஸா? எனக்கு இன்னா தெரியும்?"

பரோட்டா வண்டி ஒன்று என்று நினைத்தது எங்கள் தப்பு. வரிசையாகப் பரோட்டா வண்டிகள். செல்போனில் லைன் கிடைக்கவில்லை. இருட்டும் நேரத்துக்குத்தான் கண்டுபிடித்தோம். உண்மையிலேயே தற்செயலாக. கூட்டத்தில் ஓர் அம்மா செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்க, நித்யா குனிந்து நாலு பேர் காலுக்கிடையில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவர்தான் பையனின் அம்மா. (இனி ப.அ. எழுதக் கை வலிக்கிறது.) அப்பா இல்லாத வீடு. பையன் தினேஷ், சாப்ட்வேர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறான், சொந்த வண்டிகள். சட்டை முழுக்க வியர்வை. பேச்சு கம்மி.

உட்கார இடமில்லாமல் மைதானத்து ஓரம், ஒரு கவிழ்த்த படகுப் பக்கம் ஒதுங்கினோம். தினேஷ் பிரியாணி வாங்கப் போனான். "நானும் வரேன், ஒரு ஆளால தூக்க முடியாது" என்று நித்யாவும் போனாள். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

போனவர்கள் வரவே இல்லை. ப.அ. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம். சர்க்கரைக்காரர். ஐந்து மணிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும் என்று ஊசியை முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சரோஜா கேரியரின் அடித்தட்டைத் திறந்தாள். கேசரி. பெண் பார்க்கிற அன்றைக்கு இனிப்பு இல்லாமலா என்று எங்களுக்குத் தெரியாமல் கிண்டியிருக்கிறாள். ப.அ. அதைச் சாப்பிட்டார். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. அடுத்து தயிர் சாதத்தை நீட்டினால், கையை மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. பேசி முடிக்காம பொண்ணூட்டு சோத்துல கை நனைக்கக் கூடாது."

எங்கள் பக்கமும் அதே வழக்கம்தான். பலகாரம், காபி எவ்வளவு வேண்டுமானாலும். சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் மனுஷிக்கு உதடு வெளுத்திருக்கிறது.

"இது எங்க வீடாம்மா? பொது மைதானம்தானே. வாயைத் திறங்க" என்றாள் சரோஜா. குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரிதான் ஊட்டினாள். இரண்டு வாய்க்குப் பிறகு அவரே வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருவரும் வெறுங்கையோடு வந்தார்கள். சரியாக இவர்கள் முறை வந்தபோது பிரியாணி தீர்ந்துவிட்டதாம். இதற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு. நித்யா சிரித்து நாளாயிற்று. மிச்சத் தயிர் சாதத்தை எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியெல்லாம் சரோஜா முணுமுணுப்பு: "கை நனைச்சிட்டாங்க, கவனிச்சீங்களா?"

கவனித்தேன். எனக்கும் சந்தோஷம்தான். பொய் எதற்கு.

8 பிப்ரவரி, ஞாயிறு

வெயில். பல்பு மாற்றினேன்.

பத்து மணிக்கு ப.அ. போன். சரோஜா ஸ்பீக்கரில் போட்டாள். "கை நனைச்சிட்டேன். இனிமே நான் இன்னா சொல்றது? உங்க பொண்ணு எங்க பொண்ணு." சரோஜா உடனே சாமி விளக்கை ஏற்றினாள். அண்ணனுக்குப் போன், தங்கைக்குப் போன்.

நித்யா சாப்பிடவில்லை. பின்பக்க பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையனைப் பிடிக்கவில்லையா?

"பிடிச்சிருக்குப்பா. வரிசைல ஒருத்தர் குழந்தைய தூக்கிக்கிட்டு நின்னாரு. இவர் இடத்தைக் குடுத்துட்டு எங்கிட்ட சாரி கேட்டாரு. அதான் பிரியாணி கிடைக்கல."

பிறகென்ன?

"இனிமே நான் என்ன சொல்றதுன்னு சொன்னாங்களே, கேட்டீங்களா? ஒரு வாய் சோத்துக்குக் கட்டுப்பட்டு என்னை எடுத்துக்க வேணாம்ப்பா. அதுக்கு வேணாம்னு சொன்னவங்களே தேவலை."

துணியை மடிப்பது போல் நின்றேன்.

9 பிப்ரவரி, திங்கள்

வேலையில் மனசு நிற்கவில்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பே இல்லை, அல்லது எனக்குத்தான் நாக்கு செத்துவிட்டதா.

நேரில் போய் அந்த அம்மாவை அந்த ஒரு வாய்ச் சோற்றிலிருந்து விடுவித்துவிட வேண்டும். சரோஜாவிடம் சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டாள். "தானா அமைஞ்சதை நீங்களே போய்க் கலைக்கப் போறீங்களா? அவங்களே சரின்னு சொன்னப்புறம், வேணாம்னா விட்டுடுங்கன்னு யாராவது போய்ச் சொல்லுவாங்களா?" அவள் அழுவதிலும் தப்பில்லை. எனக்கே பயமாக இருக்கிறது. நான் கதவைத் திறந்துவிட, அவர்கள் நிம்மதியாக வெளியே போய்விட்டால்? மறுபடி அந்த இருட்டு அறை.

ஆனாலும் பெண் கேட்டது நியாயம்.

11 பிப்ரவரி, புதன்

லீவ். திருக்கழுக்குன்றம் வழி பஸ், ஜன்னல் சீட். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டி ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலில் வேன், பம்பரில் எலுமிச்சம்பழம். தினேஷ் டிரிப்புக்குப் போயிருந்தான். ப.அ. மட்டும்.

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னிக்கு நீங்க சாப்பிட்டது மருந்து. அதை வச்சு உங்களைக் கட்டிப்போட எங்களுக்கு இஷ்டமில்ல. மனசுல வேற எதுனா இருந்தா தாராளமா சொல்லிடுங்க. எங்க பொண்ணும் அதைத்தான் விரும்புது."

"இத சொல்லவா இம்மாந்தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாம்மா."

எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரச் சத்தம். கோபமோ? நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இலையோடு வந்தார். போட்டார். தண்ணீர் தெளித்தார். சோறு, குழம்பு.

"அன்னிக்கு நான் துன்னது மருந்துன்னா, இன்னிக்கு நீங்க துன்றது இன்னாண்ணே? உங்களுக்கு இன்னா சீக்கு?"

எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"போன்ல எனக்குப் பேச வராது. நான் யாருன்னே தெரியாம அந்தப் பொண்ணு குனிஞ்சி என் செருப்ப எடுத்தாந்துச்சே, அப்பவே எனக்குப் புடிச்சிப் போச்சி. தயிர் சோறு அப்பறம் வந்தது. உங்களுக்கு இஷ்டமில்லன்னா இலைல கை வெக்காதீங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இப்போது மாட்டிக்கொண்டது நான். கை வைத்தால் முடிந்தது. அதை வைக்க நான் யார்? ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நித்யா ஆபீசுக்குப் போன் போட்டேன். செருப்பு விஷயம், இலை விஷயம் எல்லாம் சொன்னேன். "சோறு போட்டு வச்சிருக்காங்கம்மா. சாப்பிடவா, வேணாமா?"

"என்ன குழம்புப்பா?"

"கருவாட்டுக் குழம்பு. முருங்கைக்காய் போட்டது."

"சூடா இருக்கா?"

"ஆறிக்கிட்டு இருக்கு."

"அப்ப ஏன் எங்கிட்ட பேசிக்கிட்டு நிக்கறீங்க?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். ரசத்துக்கும் சோறு வாங்கினேன்.