வாளி நுழையாத குழாய்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் மூக்கைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். நீ வரைந்து எழுப்பிய கலைக்கூடத்துக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போனாள், அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து கண்ணாடிச் சுவரில் முட்டிக்கொண்டார், வீங்கிய மூக்கோடு காவலாளியிடம் போய் என் பையன் கட்டினது என்று பெருமையடித்தார்.

பொய் சொல்லக்கூடாது, அழகுதான். அவ்வளவு பெரிய கூடத்தில் நடுவே ஒரு தூண் இல்லை, கூரை இடுக்கு வழியாக வெயில் இறங்கிச் சுவரில் நகர்வதை வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் தரை துடைத்தவளுக்குக் கண் கீழேதானே போகும், அந்த வெள்ளைத் தரைக்குத் தண்ணீர் எங்கே பிடிக்கிறாய் என்று துடைக்கிற பெண்ணைக் கேட்டேன். கை கழுவும் தொட்டி தட்டு மாதிரி இருக்கிறது, குழாய்க்கு அடியில் வாளி நுழையாது, வாசல் தோட்டத்துக் குழாயிலிருந்து சுமக்கிறாளாம். பிறகு கழிப்பறைக்குப் போனால் கடைசிக் கதவு சாத்தியிருக்கிறது, தட்டினேன், அதே பெண் மூடிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் டப்பாவோடு பதறி எழுந்தாள். வேற எங்கயும் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா என்றாள். பக்கத்து அறையில் யாரோ தண்ணீர் இழுத்துவிட்டார்கள். சீச்சீ, என் பிள்ளையின் மூளையில் உதித்த இடமா இது என்று இருந்தது எனக்கு. வருகிறவர்களின் குடை வைக்கத் தனி அறை வரைந்திருக்கிறாயே, குடைக்கு அறை, மனுஷிக்குக் கக்கூஸா? இதைக் கட்டியது என் மகன் என்று அவளிடம் சொல்ல நா எழவில்லை, அப்பாவையும் வாயை மூடச் சொல்லிவிட்டேன். எப்போது வெளியே வருவோம் என்றாகிவிட்டது.

அடுத்த மாதம் ஏதோ நூலகத்துக்கு வரைபடம் கொடுக்கப்போகிறாயாம், அக்கா சொன்னாள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். பெரிதாக வேண்டாம், துடைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு, வாளி நுழைகிற குழாய், அவ்வளவுதான். இடமில்லை என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் சண்டை போடு, அது என் வேலை இல்லம்மா என்று போனில் மழுப்பாதே.

நூறு வருஷம் நன்றாக இரு, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வேலைக்குப் போன நாளெல்லாம் கேன்டீனில் நர்சுகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய்யடா.

உன் அம்மா