கல்லுக்கு ஒரு பெயர்

வெர்மோல்,
4 ஏப்ரல் 1921

மரியாதைக்குரிய லெயோந்தீன் அம்மாளுக்கு,

நான் வெர்மோல் ஊரின் மேயர். முன்பின் பழக்கமில்லாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போருக்கு எங்கள் ஊரிலிருந்து பதினாறு பேர் போனார்கள். பதினாறு பேரும் திரும்பிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் சந்தைக்குப் போனால் தலைநிமிர முடியவில்லை. "ஏம்ப்பா, உங்காளுங்க சண்டைக்குப் போனாங்களா, விருந்துக்குப் போனாங்களா?" என்கிறார்கள். ஊருக்கு ஊர் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. எங்களிடம் பொறிக்க ஒரு பெயர்கூட இல்லை.

போரில் இறந்த உங்கள் கணவர் எலுவா பிறந்தது எங்கள் ஊரில். அவர் பெயரைத் தருவீர்களா?

பணிவுடன்,
அன்செல்ம் விதலாங்

லாபெர்ஷ்,
19 ஏப்ரல் 1921

மேயர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தகப்பன் யாரென்று சொல்ல மறுத்தாள் என்பதற்காக ஒரு தாயையும் அவளுடைய ஆறு வயதுப் பிள்ளையையும் துரத்திய ஊர் உங்களுடையது. அப்போது மேயர் உங்கள் அப்பா. அந்தப் பிள்ளைதான் எலுவா. அதன்பிறகு அவர் வெர்மோல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. உயிரோடு இருந்தபோது கசந்தவர் செத்த பிறகு இனிக்கிறாரா?

எங்கள் கல்லில் நாற்பத்தொரு பெயர்கள். புல் அறுக்க மிஞ்சியது ஆறு ஆண்கள், அதில் இரண்டு பேர் கிழவர்கள். போன வருடம் பாதிப் புல் அறுக்க ஆளின்றி வீணாகிவிட, குளிர்காலத்தில் தீவனமின்றி மாடுகளை விற்றோம். பக்கத்து வீட்டு மார்சலின் சொல்கிறாள்: "அவங்களுக்குச் செத்தவன் வேணும், நமக்கு உசுரோட இருக்கிறவன் வேணும். மாத்திக்குவோமான்னு கேளேன்டி!"

கேட்டுவிட்டேன். ஜூனில் புல் அறுக்கப் பதினாறு பேரையும் அனுப்புங்கள். பெயரைத் தருகிறேன்.

லெயோந்தீன்

வெர்மோல்,
2 ஜூன் 1921

அம்மா,

பதில் எழுத ஆறு வாரமாகிவிட்டது, மன்னியுங்கள். ஊர் மன்றத்தில் ஒரே சண்டை. பிச்சைக்காரர்கள் மாதிரி அடுத்த ஊருக்குக் கூலி வேலைக்குப் போவதா என்று கத்தினார்கள். கடைசியில் கஸ்பார் எழுந்தான். போரில் வலது கையை இழந்தவன். "செத்தாத்தான் மரியாதையாய்யா? அந்தம்மா கேக்குறதுல என்ன தப்பு? நான் போறேன். அரிவாள் பிடிக்க முடியாது, வண்டி ஓட்டுவேன்" என்றான். மற்ற பதினைந்து பேரும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் வருகிறோம், பதினாறு பேரும் நானும். பெயர் வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். அதைக் கேட்க மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குத் தகுதி கிடையாது.

வழி காட்ட ஆள் அனுப்பாதீர்கள். அந்தத் தாயையும் பிள்ளையையும் உங்கள் ஊரில் கொண்டுவந்து இறக்கிய வண்டியை ஓட்டியவன் நான்தான்.

அன்செல்ம்