ஜீவிதா எழுதியது என் பேச்சு

அனுப்புநர்
பெ. கண்ணுசாமி (வயது 71),
மல்லிகை விவசாயி,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
மருதாநதி அரசுப் பல்கலைக்கழகம், திண்டுக்கல்.

பொருள்: கணினி 'திருட்டு' என்று காட்டியதால் நிறுத்தப்பட்ட மாணவி ஜீவிதாவின் ஆய்வேடு – என்னை நேரில் விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை நானே எழுதுகிறேன். முதியோர் எழுத்தறிவு மையத்தில் இந்த ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் பேனாவை வேறொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

1. தங்கள் மாணவி ஜீவிதா சென்ற ஆண்டு என் தோட்டத்துக்கு வந்தார். மல்லிகைக்குக் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது பற்றி நான் சொன்னதைச் செல்போனில் பதிந்து, சொன்னபடியே ஆய்வேட்டில் எழுதினார். போனில் இடமில்லாததால் பிறகு அந்தப் பதிவை அழித்துவிட்டார்.

2. முன்பு முகமது ரஃபீக் என்ற மாணவர் தந்த ஆய்வேட்டிலும் அதே பேச்சு அப்படியே இருப்பதாகத் தங்கள் கணினி காட்டியுள்ளது. ஜீவிதா எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை, கண்ணுசாமி என்பவர் கற்பனை என்று விசாரணைக் குழு முடிவு செய்துள்ளது. இம்மாதக் கடைசிக்குள் ஆதாரம் தராவிட்டால் அவருடைய ஆய்வுப் பதிவு ரத்தாகும்.

3. ஐயா, ரஃபீக் தம்பியிடம் பேசியவனும் நானே. அவர் ஏட்டில் என் பெயர் இல்லை. 'தகவலாளர் 4' என்றிருக்கிறது. அது நான்தான் என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை.

4. எழுத்துத் தெரியாதவனாக இருந்ததால் தோட்ட வேலை முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். "பனி விழுந்தா செடி தூங்கும், தூங்கையில முடிய வெட்டு" என்றுதான் யாரிடமும் தொடங்குவேன். நடுவில் ஒரு சொல் மாறினால் அடுத்தது வராது. "ரேடியோவப் போட்டாச்சுடி" என்று என் மனைவி பழனியம்மாள் மகளிடம் கேலி செய்வாள்.

ஜீவிதா இரண்டு ஏடுகளையும் கொண்டுவந்து, "தாத்தா, நான் உங்களப் பாக்கவே இல்லையாம்" என்று அழுதார். அவர் அழ, நான் சிரித்தேன். என் பேச்சை அச்சில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தது அன்றுதான் முதல்முறை.

5. ஆகவே, ரத்து செய்யும் முன் என்னைக் கூப்பிடுங்கள். குழுவினர் மூவரும் தனித்தனி அறையில் உட்காரட்டும். ஒவ்வொருவரிடமும் போய்க் கவாத்து பற்றிச் சொல்கிறேன். அவரவர் கையால் எழுதிக்கொள்ளட்டும். மூன்றையும் அதே கணினியில் ஏற்றுங்கள். மூவரில் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று அது சொல்வதைப் படித்துவிட்டு, ஜீவிதாவின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்துத் தர வேண்டுகிறேன்.

இடம்: நிலக்கோட்டை
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலை நானே படிக்கக் காத்திருக்கும்
பெ. கண்ணுசாமி