பக்கத்து சீட்டிலிருந்து ஓர் அழைப்பு

பிப்ரவரி 6

ஒப்பந்தக் கூட்டம். எங்கள் மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம், ஓய்வுபெற்ற பெண் ஆபரேட்டர்கள் சங்கம் மூன்றும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு வேலை செய்யப் போகின்றன. கூட்டத்தில் பாதி நேரம் பேனரில் யார் சின்னம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் போயிற்று. விளம்பரப் பிரிவு அதிகாரி (நாங்கள் வைத்த பெயர் ரிப்பன்) எல்லோருக்கும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திவிட்டார். நான் வெளியே வந்ததும் கழற்றிப் பையில் போட்டேன்.

உண்மையான சிக்கல் வேறு. முதல் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொள்ளப் பெண்கள் வருகிறார்கள். ‘படம் தெளிவில்லை, மறுபடி வாருங்கள்’ என்று கடிதம் போனால் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்து வருஷா வருஷம் அந்தப் பள்ளத்தை வரைபடமாக்கித் தருவது என் வேலை. இனிமேல் கடிதத்துக்குப் பதில் இந்த ஆபரேட்டர்கள் போனில் பேசுவார்களாம். பேசினால் பயம் போய்விடுமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இதில் தர்மசங்கடம் என்னவென்றால், சங்கத் தலைவி என் அம்மா.

பிப்ரவரி 9

இரண்டாவது கூட்டம். அத்தனை பேர் முன்னால் அம்மா என்னை மேடம் என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“மேடம், எங்க ரூலை முன்னாடியே சொல்லிடறேன். லைன்ல கேட்டது லைனோட போச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டோம். சொந்தக்காரங்க நம்பர் வந்தா பக்கத்து சீட்டுக்குத் தள்ளிடுவோம்.”

ரிப்பன், “இந்தக் காலத்துல இதெல்லாம்...” என்று இழுத்தார்.

“உங்க ரிப்பன் டப்பாவை நான் கேட்டேனா தம்பி? என் ரூலை நீங்க கேட்காதீங்க.”

சிரிப்பை அடக்க நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 2

தொலைபேசி நிறுவனம் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்திலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறது. கணினி வேலைக்காகப் போனேன். போயிருக்கவே கூடாது. வேலை ஓடவில்லை.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் வருவேன். நீளமான பலகை, அதில் சின்னச் சின்ன விளக்குகள், வரிசையாகப் பெண்களின் முதுகுகள். சூடேறிய ஒயர்களும் முகப் பவுடரும் கலந்த வாசனை. மேஜைக்கடியில் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவசரமில்லாத, பஞ்சு போன்ற குரல். வீட்டுக்கு வந்தால் அது இருக்காது. ‘விளக்கை அணை’, ‘தட்டைக் கழுவு’, அவ்வளவுதான். முகம் தெரியாதவர்களுக்கு மட்டும் எதற்கு அந்தக் குரல்? அந்த வயதில் ஊர் பேர் தெரியாத ஆட்கள் மேலெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இந்த ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் இன்னும் சீட் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மா நாலு. பக்கத்தில் அஞ்சு. எனக்கு அஞ்சு அத்தை.

“வாடி எலி! என் செருப்பு வாரைக் கடிச்சு வெச்சவதானே நீ? இப்ப எலி மேடமா?”

கழுத்துவரை சிவந்திருப்பேன். நல்லவேளை, கூட யாரும் வரவில்லை.

மார்ச் 19

ஊழியர்களே முன்மாதிரி என்று ரிப்பன் சுற்றறிக்கை விட்டதால் நானும் மேமோகிராம் எடுத்துக்கொண்டேன். தகடு சில்லென்று இருந்தது. வலி, கொஞ்சம். பிறகு புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னார். வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டேன்.

மார்ச் 27

மறுபடி வரச் சொல்கிறார்கள். இடது பக்கம்.

மார்ச் 28

‘மறுபடி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருப்பதில்லை.’ கையேட்டில் இருக்கும் இந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். நேற்றிலிருந்து எத்தனை தரம் படித்தாயிற்று. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏப்ரல் 8

போகவில்லை. முதல் வாரம் ஆண்டறிக்கை, இந்த வாரம் ஜலதோஷம். அடுத்த வாரத்துக்கு என்ன சொல்லப்போகிறேனோ. அப்படியானால் நானும் அந்தப் பள்ளத்தில் ஒரு புள்ளியா?

வராதவர்களின் பெயர்கள் நாளை ஆபரேட்டர்களுக்குப் போகும். என் கணினி வழியாகத்தான். என் பெயரை எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அழிக்கும் விசைவரை கை போயிற்று. எடுக்கவில்லை. ஏன்? தெரியவில்லை. யாராவது கூப்பிட வேண்டும் என்று இருந்ததோ என்னவோ.

ஏப்ரல் 10

மத்தியானம் போன் வந்தது. “வணக்கம். மகளிர் நலப் பிரிவிலிருந்து பேசறேன்.” அஞ்சு அத்தை. தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எந்த நாள், எந்த மாடி, என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் ஆகும்.

“லைன்ல இருக்கியா எலி?”

“ம்.”

“பேச வேணாம். நீ வைக்கற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.”

அப்படியே இருந்தோம். அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தமும் மற்றவர்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. நாலாம் சீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. என் நம்பர் அத்தைக்கு எங்கிருந்து போயிருக்கும்?

ஏப்ரல் 12

ஞாயிற்றுக்கிழமை. அம்மா வீட்டில் சாப்பாடு. குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தத்தைப் பற்றிப் பேசினாள். வேறு எதுவும் பேசவில்லை. நானும்தான். கிளம்பும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, நான் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். வழக்கமாக உடனே கதவைச் சாத்திவிடுவாள்.

ஏப்ரல் 17

போனேன். காத்திருக்கும் அறையில் மூலை நாற்காலியில் அம்மா.

“நீ எங்கே இங்க?”

“ஏதோ கூட்டம்னு சொன்னாங்க.”

கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்புவது நான். இன்று கூட்டம் கிடையாது. “எத்தனை மணிக்கு?” என்றேன்.

“உன்னை உள்ள கூப்பிடற மணிக்கு. பேசாம உட்காரு.”

உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 24

இருக்கிறது. சின்னது. நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். இன்னும் ஒரு மாதம் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால்... வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

அம்மா கையைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை. லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டே, அந்த எக்ஸ்சேஞ்ச் அறையின் குரலில், “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றாள்.

எனக்கு. எனக்கேதான் சொன்னாள்.

மே 14

இடது மார்பில் ஒரு பகுதி போயிற்று. மீதி இருக்கிறது. நானும்.

ஜூன் 16

அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அடுத்தது கதிர்வீச்சு. கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் வைத்திருக்க முடிந்தால்தான் தொடங்குவார்களாம். கை தோளைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

படுத்தபடியே இடைக்கால அறிக்கையை முடித்தேன். மறுபடி வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, நன்றாகவே. போன்தான் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என அடிக்குறிப்பு போட்டேன். ரிப்பன் போன் செய்து அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 3

விரல்களைச் சுவரில் மேலே மேலே நடக்கவிடுவதுதான் பயிற்சி. நான் சமையலறைக் கதவின் நிலையில் செய்கிறேன். என் உயரத்தை அம்மா வருஷா வருஷம் பென்சிலால் குறித்த கோடுகள் அங்கே அப்படியே இருக்கின்றன. பெயின்ட் அடிக்க வந்தவரை அந்தப் பக்கம் தொடவே விடவில்லையாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

நேற்றுவரை ஏழாம் வகுப்புக் கோட்டில் தோள் முரண்டு பிடித்து நின்றுவிடும். இன்று விரல்கள் எட்டைத் தாண்டின. ஒன்பது. பத்து. கடைசிக் கோடு. அதற்கும் மேலே இரண்டு சாண், கை காதை உரசியது.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பென்சிலோடு வந்தாள். முக்காலி போட்டு ஏறி, என் விரல் நுனியில் கோடு கிழித்து, இன்றைய தேதியை எழுதினாள்.

“அப்பக்கூட நீ இவ்வளவு வேகமா வளரலடி.”