மாமா கடித்து வைக்காத ரொட்டி

மர்கிலான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஒய்தினுக்கு அம்மாவின் ஸலாமும் முத்தங்களும். கொரியாக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், படிப்பு நல்லபடி நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் குளிர் வந்ததும் கூடவே வந்துவிட்டது. கேஸ் ஒருநாள் வருகிறது ஒருநாள் வருவதில்லை, அதனால் நிலக்கரி அடுப்பை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறோம். கடைசி மாதுளைகளையும் பறித்தாயிற்று, உனக்கென்று எடுத்து வைத்ததை இந்தக் கடிதத்தோடு ஷாஹிஸ்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன், மருந்துக்கடைக்காரர் மகள்தான், அவளும் அங்கே படிப்பது உனக்குத் தெரியுமே. அவள் அறைக்குப் போகாதே, கல்லூரிக்குப் போய் அவள் கையிலேயே கொடு என்று சொல்லியிருக்கிறேன். நீயும் இதை அறைக்குக் கொண்டுபோகாமல் எங்காவது தனியாக உட்கார்ந்து படி. போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். எப்போது கூப்பிட்டாலும் உன் அறையில் வந்து தங்கியிருக்கிற என் தம்பி, உன் கொமில் மாமாதானே எடுக்கிறான். நீ பேச வந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா வருகிற வெள்ளிக்கிழமை விமானம் ஏறப்போவதில்லை. அங்கேயே தங்கி வேலை பார்ப்பதென்று முடிவோடுதான் வந்திருக்கிறான். சுற்றிப் பார்க்க வருகிறேன், மருமகளைப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்றானே, அத்தனையும் நமக்குச் சொன்ன கதை. நீதான் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாய், போடச் சொன்னது நான். அவன் காணாமல் போனால் உன்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஜனவரியில் நீ விசாவைப் புதுப்பிக்கப் போய் நிற்கும்போது என்ன சொல்வார்களோ. இன்னும் ஒரே ஒரு வருஷம் இருக்கிறது உனக்கு. அதை அவன் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேள். போன வாரம் நீ பேசும்போது மாமா தடிமனான குளிர்கோட்டும் வேலைக்குப் போடுகிற பூட்ஸும் வாங்கியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பத்து நாளில் ஊருக்குத் திரும்புகிறவனுக்குப் பூட்ஸ் எதற்கு என்று அப்போதே என் மனசில் முள் தைத்தது. அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறாய், அத்தானை வண்டியோடு அனுப்புகிறேன் என்று நல்லவிதமாகத்தான் கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "என்னக்கா, வந்த விருந்தாளிய எப்ப கெளம்புறன்னு கேக்குற? நம்ம வீட்டுப் பழக்கமா இது? ஒம்பொண்ணே வாயத் தொறக்கல, ஒனக்கென்ன அவசரம்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நீ வாயைத் திறக்க மாட்டாய் என்று நம்பித்தானே உன்னிடம் வந்திருக்கிறான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் மனைவி ஸெவரா வீட்டுக்குப் போனேன். உன் அத்தை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், சாப்பாட்டுத் துணியை, தஸ்தர்கானை, விரித்துப் பலகாரம் பரப்பினாள், என் கண் மட்டும் சுவரையே தேடியது. நீ புறப்பட்ட அன்று ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி நம் சமையலறையில் இன்னும் துணியில் சுற்றித் தொங்குகிறது, எலும்பாகக் காய்ந்துவிட்டது, மிச்சத்தை நீ வந்து தின்னும்வரை யாரும் தொட மாட்டார்கள். கொமில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கடித்து வைத்துவிட்டுப் போனான். இந்தத் தடவை அங்கே சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. ரொட்டி எங்கே என்று கேட்டேன். ஸெவரா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீட்டுனேன் அண்ணி. கடிக்கல. வழியில பசிக்கும்னு முழுசா வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. அப்பவே எனக்குக் கையுங்காலும் ஓடல" என்று சொல்லி அழுதாள். அதற்கு மேல் அவள் மறைக்கவில்லை. அங்கே கொரியாவில் ஒரு கட்டட மேஸ்திரியைப் பிடித்து வைத்திருக்கிறானாம், வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு என்று உன்னிடம் சொல்லிவிட்டு நேரே அவனிடம் போய்விடுவதாக ஏற்பாடாம். பார்த்தாயா ஒய்தின், கூடப்பிறந்த அக்காவிடம் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு கூசவில்லை, திரும்பி வருவேன் என்று ரொட்டியிடம் பொய் சொல்ல மட்டும் பயந்திருக்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை. இதை நான் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாமனார் வீட்டில் இருப்பதால் ஸெவராவின் அண்ணன்மார் அவனை வீட்டோட மாப்பிள்ளை என்று ஜாடையாகவும் நேராகவும் குத்துகிறார்கள், கல்யாண வீடுகளில் செருப்புக் கழற்றும் வாசல் ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள். தனியாக ஒரு வீடு கட்டி ஒரு நாளாவது நடுவில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறான். எங்கள் அம்மா போன பிறகு நான்தான் அவனுக்குத் தலை வாரி, பொத்தான் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன், அவன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அதற்காக என் மகள் தலையில் ஏறி நின்று அவன் நிமிர வேண்டுமா? இப்போதே நீ அவனுக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறாய், பரீட்சை நெருங்குகிற நேரத்தில் அவன் நண்பர்களுக்கெல்லாம் பலாவ் சமைத்துப் போடுகிறாய், பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன் என்கிறாய், நான் உன்னைப் பெற்றவள், நீ நல்லா இருக்கிற குரல் எது என்று எனக்குத் தெரியாதா. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஒந்தம்பிய நான் ஒண்ணும் சொல்லல மஸ்துரா. ஆனா எம்பொண்ணு பாதிப் படிப்போட திரும்பி வந்தா, இந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு எதுவும் மிச்சமிருக்காது" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியை என் பக்கம் நகர்த்துகிறார், வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்கிறபடி செய். அவன் பாஸ்போர்ட்டை நீ வைத்திரு என்று கொடுத்தால் வாங்காதே, உன் பெயரில் அறை எடுத்துத் தரச் சொன்னால் மாட்டேன் என்று சொல். வெள்ளிக்கிழமை டாக்ஸியில் தனியாகப் போகிறேன் என்பான், விடாதே, கூடவே போ, உள்ளே போகிறவரைக்கும் நில். அவன் எப்படியாவது நழுவிப் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதே, மறுநாளே கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடு. காட்டிக்கொடுத்தாள் என்று நாளைக்குச் சொந்தபந்தம் பேசினால் அவனுடைய சொந்த அக்காதான் சொல்லச் சொன்னாள் என்று சொல், இந்தக் கடிதத்தைக் காட்டு, அதற்காகத்தான் கை நோக நோக எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம். வியாழக்கிழமை சாயங்காலம் கறி கூடப் போட்டு அவனுக்குப் பிடித்த மாதிரி பலாவ் செய், பக்கத்தில் உட்கார்ந்து மனசார உபசரி. சாப்பிட்டு முடித்ததும் பச்சைத் தேநீர் போடு. இத்தனை நாளும் அவன் கோப்பையில் பாதிக்கும் கீழேதான் ஊற்றியிருப்பாய், இன்னும் கேளுங்கள் இன்னும் இருங்கள் என்று, அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். அன்றைக்கு விளிம்பு வரைக்கும் ஊற்று. போதும், எழுந்து போ என்று ஒரு விருந்தாளிக்கு அப்படி ஊற்றி வைக்கிற துணிச்சல் எனக்கு இந்த வயசு வரை வந்ததில்லை, பிடிக்காத நாத்தனார்கள் வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தபோதுகூட வந்ததில்லை. அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது, முகம் வெளுத்துவிடும், நீ அதைப் பார்க்காதே. அந்தப் பழி உனக்கு வேண்டாம் கண்ணே. கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு, "மாமா, இத நான் ஊத்தல, அம்மா ஊத்துனது" என்று மட்டும் சொல்.

அல்லாஹ் உன்னைக் கைவிடமாட்டான், உன் படிப்புக்கும் பெயருக்கும் ஒரு கீறலும் வராமல் அவன் பார்த்துக்கொள்ளட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. நிறைய ஊற்றிய கோப்பை கையைச் சுடும், துணி வைத்துப் பிடித்துக்கொள்.

உன் அம்மா,
மஸ்துரா