ரெட்டையாக விழும் பாட்டு

உன் அப்பாவின் ஆம்ப்ளிபயர் என் கடை மேசைமேல் இருக்கிறது. இன்று காலையில் மூடியைக் கழற்றியதும் கடை முழுக்க அந்த வாசனை. ஊதுபத்தி, திருநீறு, சூடேறிய ஈயம், எத்தனையோ ஊர்த் திருவிழாக்களின் புழுதி. செல்போனைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த பெண் ஒருத்தி, "என்னண்ணே, கோயிலத் தூக்கிட்டு வந்து கடைக்குள்ள வச்ச மாதிரி இருக்கு" என்றாள். உன் சட்டையிலும் இதே வாசனைதான் இருக்கும். ராக் இசைக்காரன் என்று தலைமுடி வளர்த்துத் திரிந்தாய். கிட்டே வந்தால் அம்மன் கோயில் வாசனை அடிக்கும். சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

போன வாரம் அவர் இதை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு விராலிமலையில் என் கடைக்கு வந்தார். "யாருக்காச்சும் குடுத்துருப்பா. செட்டு கெட்டுப்போச்சு" என்றார். கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றும் இன்றும் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். நீ படிக்கப்போவதில்லை, அதுவும் தெரியும். ஆனால் வேறு யாரிடம் பேச்சை எடுத்தாலும் முதலில் புரோக்ரசிவ் ராக் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கி முடிப்பதற்குள் அழுகை போய் அலுப்பு வந்துவிடுகிறது.

எனக்கும் நீதான் விளக்கினாய். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கப்போன பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து சொறி சிரங்கோடு வருவார்கள். நீ இந்த இசையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பழைய வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டெல்லாம் நிரம்பிய ஹார்ட் டிஸ்க் ஒன்று உன் பையில் எப்போதும் இருக்கும். தாளம் மாறி மாறி, ஒவ்வொரு பாட்டும் ஒரு கதையளவுக்கு நீண்டுகொண்டே போனது. "பல்லவி எப்ப மாப்ள வரும்?" என்று கேட்டேன். "வராது. பஸ்ஸுல போறப்ப பாத்த மரமே திரும்பி வருதா? அது மாதிரி போய்க்கிட்டே இருக்கும்" என்றாய். எனக்கு முதலில் தலைவலிதான் வந்தது. பிறகு உன் பேச்சைக் கேட்டு பேஸ் கிட்டார் வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விரல் தேய வாசித்துக் கிடந்தேன்.

ஆனால் நம் பாட்டின் உயிர் அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரவில்லை. உன் அப்பாவின் மைக்செட்டிலிருந்து வந்தது. கொடும்பாளூர்ப் பக்கத்து ஊர்களில் கோயிலானாலும் சாவு வீட்டுக் கேதமானாலும் அவர் குழாய்தான் கட்டுவார். கூம்பு ஒலிபெருக்கியை அவர் குழாய் என்றுதான் சொல்வார். உன் ஊரில் கோயில் வேம்பில் ஒன்று, கண்மாய்க்கரைப் பனையில் ஒன்று. ஒன்றுக்குக் கிட்டே நிற்பவனுக்கு ஒரே வரி இரண்டு தடவை கேட்கும். கிட்டத்துக் குழாயிலிருந்து ஒரு தடவை, கொஞ்சம் பிந்தித் தூரத்துக் குழாயிலிருந்து இன்னொரு தடவை. அவருக்கு அது மானப் பிரச்சினை. "ரெட்டையா விழுதுடா, அங்கிட்டுத் திருப்பு, இங்கிட்டுத் திருப்பு" என்று மரத்தின்மேல் ஆளை ஏற்றிவைத்துக் கத்துவார். எங்கிட்டுத் திருப்பினாலும் அது போகாது. தூரத்துச் சத்தம் வந்துசேர நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். உனக்கோ அந்த ரெட்டைமேல்தான் பைத்தியம். "எங்கப்பா ஒரு தடவ கூப்புடுறாரு, கண்மாய் ஒரு தடவ கூப்புடுது" என்பாய்.

அவர் அறந்தாங்கியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன அன்று செட்டைத் தூக்கிக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் இறங்கினோம். கம்ப்யூட்டரில் சுத்தமாகப் பதிந்துவைத்திருந்த உன் கிட்டாரையும் குரலையும் இரண்டு குழாய்களிலும் ஓடவிட்டு, ஒரு குழாய்க்குக் கிட்டே நின்று மறுபடி பதிந்தோம். மயில் ஒன்று குறுக்கே அகவியது. திரும்ப எடுக்கலாம் என்றேன். "அதுக்குச் சம்பளமா குடுக்குறோம்? பாடிட்டுப் போகட்டும்" என்றாய். மாடு மேய்த்தவர் ஒருவர் கரைமேல் நின்று, "யாருக்குப்பா கேதம்? கொழா சத்தம் கேக்குது" என்று விசாரித்தார். பாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்த முதல் அபிப்பிராயம் அதுதான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாமான்களைக் கட்டும்போது நீ ஒன்று சொன்னாய். "திருவிழாவுல அப்பா செட்டுலயே இதப் போடணும் மாப்ள. அதுவரைக்கும் அவருக்குப் போன்ல போட்டுக் காட்டிராத. கேட்டதும் இது நம்ம கொழா சத்தமாச்சேன்னு நிமிந்து பாப்பாரு பாரு. அது போதும் எனக்கு." அவர் உன் கிட்டாரை ஒருநாளும் திட்டியதில்லை, ஒருநாளும் கேட்டதுமில்லை. அந்த ஒரு நிமிர்வுக்காக நீ பதினோரு நிமிடப் பாட்டு செய்தாய்.

இணையத்தில் ஏற்றினோம். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கமெண்ட் எழுதியவர்கள் எல்லோரும் வக்கீல்கள் மாதிரி வாதாடினார்கள். எழுபதுகளின் ஆங்கிலேயக் குழு ஒன்றின் பெயரைப் போட்டு, அப்படியே அவர்கள்தான் என்றார் ஒருவர். இல்லை, இன்ன அமெரிக்கக் குழுவின் நகல் என்றார் இன்னொருவர். பிறகு அவர்கள் இருவரும் நம்மை மறந்துவிட்டு அந்தக் குழுக்களில் எது பெரிது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். நடுவில் வரும் அருமையான சத்தம் எந்த சிந்தசைசர் என்று கேட்டிருந்தார் ஒருவர். அது மயில். சென்னையிலிருந்து ஒருவர், "நல்ல முயற்சி, ஆனால் மிக்ஸிங்கில் பெரிய தவறு, எல்லாம் இரட்டையாகக் கேட்கிறது, அடுத்த முறை நல்ல ஸ்டுடியோவுக்குப் போங்கள்" என்று எழுதினார். அதன் கீழே ஆமாம் ஆமாம் என்று வரிசையாக ஆட்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் தட்டத் தொடங்கினேன். நீ போனைப் பிடுங்கினாய். "நாம சொல்லிக் குடுத்தா அது கேட்டதாவாதுடா. தானா வெளங்கணும்." பெருந்தன்மையாகத்தான் சொன்னாய். ஆனால் முன்னால் இருந்த பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாயே தவிர வாயில் வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த வெளிநாட்டு ஆளுகள்ட்டதான் கத்துக்கிட்டேன், இல்லேங்கல. அந்த ரெட்டை மட்டுந்தான் என்னுது. அதப் போயித் தப்புங்குறாங்க" என்றாய். நகல் என்ற சொல்லைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். தவறு என்பதைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் காமாலை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே திரிந்தாய். கண்ணெல்லாம் மஞ்சளான பிறகுதான் திருச்சி ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாய். ஈரல் கைவிட்டுப்போச்சு என்று டாக்டர் வெளியே வைத்துச் சொன்னார். உள்ளே போனால் நீ, "புதுசா யாராச்சும் எழுதிருக்காங்களா?" என்கிறாய். ஒருவர் எழுதியிருந்தார், ஒரு நிமிடத்துக்குமேல் கேட்க முடியவில்லை என்று. யாரும் எழுதவில்லை என்றேன். "பரவாயில்ல. சித்திரைத் திருவிழாவுல அப்பா கேப்பாரு" என்றாய். சித்திரைக்கு நீ இல்லை.

உன் கேதத்துக்கு வேறு யாரையும் செட் கட்ட அவர் விடவில்லை. உடம்பு வந்து இறங்குவதற்கு முன்னால் அவர் கையாலேயே இரண்டு குழாயையும் கட்டினார். கட்டி முடித்து என்னிடம் வந்து, "ஏதோ பாட்டு செஞ்சிருக்கேன்னானே, ஒங்கிட்ட இருக்காப்பா?" என்றார். கொடுத்தேன். கிட்டார் தொடங்கியது. பிறகு உன் குரல் வந்தது, பதிவில் ஏற்கனவே ரெட்டை, குழாய்களில் இன்னும் ரெட்டை. அவர் நிமிர்ந்து பார்த்தார். நீ சொன்ன மாதிரியே நிமிர்ந்து பார்த்தாரடா.

"ரெட்டையா விழுது!" என்று அலறினார். "அய்யோ, எம் புள்ள பாட்டு ரெட்டையா விழுது!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு ஓடினார். அங்கிட்டு, இங்கிட்டு என்று கத்தினார். பனையில் ஏறிய பையனால் முடியவில்லை என்று அவரே ஏறப் போனார், நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். தூரத்துக் குழாயின் ஒயரை அறுத்தெறிந்தார். அப்போதும் ரெட்டை போகவில்லை, அதுதான் பாட்டுக்குள்ளேயே இருக்கிறதே. ஆம்ப்ளிபயரைப் போட்டு அடித்தார். கடைசியில் உன் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஊருக்கெல்லாம் கட்டுனேன். எம் புள்ளைக்கு ஒரு நாளு சரியா விழல பாரு" என்று அழுதார். உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "அத நிறுத்திட்டு வழக்கமாப் போடுறதப் போடுப்பா, சனம் மொகஞ்சுளிக்குது" என்றார். பாதி கூட ஓடுவதற்குள் நிறுத்தினேன். ஒப்பாரிக்கும் மேளத்துக்கும் நடுவே அவர் காதில் நான் என்ன சொல்லி விளங்கவைப்பது?

அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்கும் செட் கட்டவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். போன வாரம் இதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. தானாக விளங்கணும் என்பது உன் பேச்சு. செத்தவன் பேச்சைக் காப்பாற்ற இருப்பவரைச் சாகவிட முடியுமா? சொல்லிவிட்டேன். "இது செட்டுக் கோளாறு இல்லப்பா. சுத்தமா எடுத்தது தனியா இருக்கு. ஒங்க கொழாயக் கண்மாய்க்குள்ள கட்டி, வேணும்னேதான் அப்புடி எடுத்தான்."

அவர் ஆம்ப்ளிபயரின் மூடியைத் தடவினார். பிறகு, "அப்ப, எனக்குக் கட்டத் தெரியாததை ஊரு ஒலகத்துக்கே போட்டுக் காமிச்சுட்டானா?" என்றார்.

"அய்யய்யோ, இல்லப்பா. அவனுக்கு அது புடிக்கும்."

"தப்பு எப்புடிப்பா புடிக்கும்? எங்கிட்டச் சொல்லிருந்தா ஒத்தக் கொழாயோட நிறுத்திருப்பேனே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டவங்க எழுதுறாங்கன்னு அவன் சொல்லுவான். அவங்க என்னா எழுதுனாங்க? ரெட்டையா விழுதுன்னுதான?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன். "பாத்தியா" என்றார். "கட்டத் தெரியாதவனுக்குச் செட்டு எதுக்கு, இத வித்துரு. சுத்தமா எடுத்ததும் இருக்குன்னியே, அத மட்டும் போட்டுக் குடுப்பா. தெவசம் வருது."

இன்று மதியம் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுச் செய்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. கண்மாய்ப் பதிவை எடுத்துவிட்டு அடியில் இருந்த சுத்தமான பதிவை மட்டும் வைத்தேன். மயிலும் போய்விட்டது. கேட்டுப் பார்த்தேன். எழுதியவர்கள் சொன்னது சரிதான் மாப்ள. அப்படியே அந்த ஆங்கிலேயக் குழுதான். அழகாக, ஒழுங்காக, எவனோ எப்போதோ வாசித்த மாதிரி இருந்தது. உன்னுடையது என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். தாளம் மாறும் இடங்களில் மேசையில் தட்டிய அவர் விரல் தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. கழற்றும்போது முகத்தில் சிரிப்பு. நீ போன பிறகு நான் பார்க்கும் முதல் சிரிப்பு. "இப்பத்தான்யா ஒத்தையா விழுது. எம் புள்ள என்னமாப் பாடியிருக்கான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்டர்நெட்டுல இருக்குற பழசை எடுத்துட்டு இதையே போட்டுவுட்ரு. தப்பா ஒண்ணு அவன் பேருல எதுக்கு இருக்கணும்?" என்றார். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டு இதை ஏற்றினேன். கமெண்டெல்லாம் அதோடு போயிற்று.

பழைய பதிவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை இனி யாருக்குப் போட்டுக்காட்டுவேன்? யாருக்காகச் செய்தாயோ அவர் சந்தோஷமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "சாப்புட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டேன். "வீட்டுல போயித்தான், இன்னைக்கு நல்லாப் பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.