எந்தக் கை என்று ஒரு கட்டம்

இன்று காலை எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நீ கொடுத்த அந்தக் கறுப்பு ரப்பர் வட்டத்தை எடுத்து மூடியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினேன். ஒரே சுற்றில் திறந்துகொண்டது. ஊறுகாய் வாசனைக்கு முன்னால் ரப்பர் வாசனைதான் மூக்கில் ஏறியது. ஷூவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் அது. ஆம்பூர் பஜாரில் கழிவு ரப்பர் விற்கும் கடையில் போய் ஒரே ஒரு துண்டு கேட்டாய் நீ. "ஒரு துண்டை வெச்சிக்கினு இன்னாம்மா செய்வ?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "சமைக்கத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அந்த மனிதர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பாரோ, எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் பதினோரு வருடம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்தவர்கள் நாம். ஒரே வயது. நீ பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாய், நான் ஆம்பூருக்குள்ளிருந்தே நடந்து வருவேன். வேகத்தில் உன்னை மிஞ்ச லைனில் ஆள் கிடையாது. வளைவான இடத்தில் நாங்கள் மிஷினை நிறுத்தி நிறுத்தித் தைப்போம். நீ பேச்சை நிறுத்தாமலே வளைத்துவிடுவாய். புது மாடல் வந்தால் முதல் ஜோடியை உன்னிடம்தான் கொடுப்பார்கள். அதில் உனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்க வேண்டிய கர்வம்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. வேலூரில் காட்டினேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதுவரை கைக்கு ஓய்வு கொடு என்றார்கள். ஓய்வு என்றால் மிஷினை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் அங்கே வேறொருத்தி உட்காருவாள், திரும்பக் கிடைக்காது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மகளின் நர்சிங் படிப்பு அந்த ஒரு மிஷினை நம்பித்தான் இருந்தது. படிப்பு முடிய இன்னும் எட்டு மாதம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, உன்னிடம்கூட.

நீயாகத்தான் கண்டுபிடித்தாய். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியை நான் பல்லால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, மூடியையும் சேத்து துன்றியா?" என்று பிடுங்கித் திறந்து கொடுத்தாய். பிறகு என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை அழுத்தினாய்.

"தெரியுதா?"

"தெரியல."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா."

நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். காலையில் வீட்டில் அந்தக் கையால் என்னென்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாய். வெங்காயம் நறுக்குவது, தேங்காய் துருவுவது, மாவு பிசைவது, குக்கர் மூடி திருகுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப இங்க வர்றதுக்கு முன்னாடியே அது செத்துப்போய்டுது. மிஷினுக்கு கையை வெச்சிக்கோ. வூட்ல அதுக்கு லீவு குடு."

டாக்டருக்குத் தோன்றாத யோசனை உனக்குத் தோன்றியது.

மறுநாளே சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிட்டாய். "எனக்கு கை வலிக்குது. கையை கம்மியா வெச்சி சமைக்கணும். இன்னா இன்னா சாமான் வாங்கலாம், சொல்லுங்க" என்றாய். வலி என்னுடையது என்று காட்டிக்கொடுக்கவில்லை. உன்னுடையது என்று சொன்னாய். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சமையல் சாமான் பற்றிக் கேட்டால் நம் லைனில் யார் சும்மா இருப்பார்கள்? ஆலங்காயத்துக்காரி, கயிறு இழுக்கும் சாப்பர்தான் வாங்க வேண்டும் என்றாள். "ரெண்டு விரலு போதும்க்கா. பத்து இழுப்புல வெங்காயம் பொடியா பூடும்." வாணியம்பாடி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மாசத்துல கயிறு அறுந்துடும், அது பேஜாரு. மேசையில புடிச்சிக்கற தேங்கா துருவி வாங்கு மொதல்ல. கைப்பிடியை சுத்தினா போதும்." குக்கருக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. மூடியைத் திருகிப் பூட்டும் குக்கர் வேண்டாம், உள்ளே விட்டு மாட்டும் குக்கர்தான் மணிக்கட்டுக்கு நல்லது என்று கடைசியில் தீர்ப்பானது. நீ யார் சொன்னதையும் அப்படியே நம்பவில்லை. அவரவர் சாமானை ஒரு நாள் இரவல் வாங்கிப் போய், வலது கையைக் கட்டிப்போட்டது போல் வைத்துக்கொண்டு, இடது கையாலேயே சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு வாங்கச் சொன்னாய். சாப்பர் கயிறு வாணியம்பாடி அக்கா சொன்னபடியே அறுந்தது. பஜாரில் ஷூ தைக்கும் நைலான் நூல் வாங்கி, நாலாக மடித்து முறுக்கி மாட்டிக் கொடுத்தாய். இன்னும் அறுபடவில்லை.

சமையல் புத்தகங்களும் வந்தன. வாரப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குட்டிப் புத்தகங்கள், மிக்சி வாங்கியபோது கொடுத்தது, திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் வாங்கிய தடிப் புத்தகம் ஒன்று. ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து, இதைப் போல வராது என்றார்கள். நீ ருசியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை. 'கைவிடாமல் கிளறவும்' என்ற வரி எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்தாய். தடிப் புத்தகத்தைப் பத்துப் பக்கத்திலேயே மூடினாய். "இத எழுதினவங்களுக்கு கை வலியே வந்ததில்ல போல. இது நமக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். மிக்சியோடு வந்த புத்தகம் மட்டும் தேறியது. அரைத்து ஊற்றிக் கொதிக்க வைப்பதுதான் அதில் அதிகம்.

பிறகு நீயே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாய். கம்பெனியில் ஒவ்வொரு மாடலுக்கும் லைனுக்கு மேலே ஒரு அட்டை தொங்குமே, எந்த வேலை, எந்த மிஷின், எத்தனை நிமிடம் என்று, அதே மாதிரி கட்டம் போட்டிருந்தாய். கடைசியில் ஒரு கட்டம் நீயாகச் சேர்த்தது: எந்தக் கை. தக்காளிக் குழம்பு, வேலை ஒன்று, வெங்காயம், சாப்பர், மூன்று நிமிடம், இடது. வேலை இரண்டு, தேங்காய், துருவி, ஐந்து நிமிடம், இடது. வலது கைக்குச் சில இடத்தில் 'சும்மா இரு' என்று எழுதியிருந்தாய். சப்பாத்திப் பக்கத்தில் 'மகளை எழுப்பு' என்று இருந்தது. பிரியாணிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நடுவில் ஒரே வரி: 'ஆம்பூர்ல இருந்துக்கினு இத வூட்ல செய்யணுமா? கடைல வாங்கு.' அந்த நோட்டை வைத்துக்கொண்டு எட்டு மாதம் சமைத்தேன். ஒரு வாரத்திலேயே காலை ஷிப்டில் விரல்களுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மதியம் வரை தாக்குப்பிடித்தது. பிறகு சாயங்காலம் வரை.

இதற்குள் சூப்பர்வைசர் காதுக்கு விஷயம் போய்விட்டது. உனக்குக் கை வலி என்று லைன் முழுக்கப் பேச்சாயிற்றே. அவர் கெட்டவர் இல்லை. கை வலியோடு மிஷினில் உட்கார வைத்து ஊசி விரலில் ஏறிவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். நாள் முழுக்க நின்றுகொண்டு, ஷூவைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, பெட்டியில் வைக்கும் வேலை. லைனிலேயே நல்ல கை, காகிதம் திணிக்கப் போயிற்று.

அன்று நான் எழுந்தேன். சொல்லிவிடத்தான் எழுந்தேன். நீ தோளைப் பிடித்து அழுத்தினாய். "உக்காரு. பொண்ணு படிப்பு முடியட்டும்." பிறகு உன் வழக்கமான சிரிப்போடு, "நின்னுக்கினே வேலை செஞ்சா எனக்கும் இடுப்பு கம்மியாவும்" என்றாய்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அதைத்தான் இத்தனை நாளாக என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பேச்சுக்குக்கூட எதிர்த்து நிற்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் படிப்பை முடித்தாள். நான் பண்டிகை லீவில் ஆபரேஷன் செய்துகொண்டு, கட்டோடு வந்து, கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது என்றேன். உடனே மூன்று பேர் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி வாங்கச் சொன்னார்கள். கை நன்றாகக் குணமானது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் வந்தேன். "என் இடத்துல ஏற்கனவே வேற ஆளு. சொன்னா உன் இடத்துலயும் வேற ஆளுன்னு ஆய்டும். உடுடி" என்று முடித்துவிட்டாய். இரண்டு வருடம் பேக்கிங்கில் நின்றாய். ஒரு நாள் மார்வலி என்று போனவள், வரவே இல்லை.

உன் காரியத்துக்கு லைனில் எல்லாரும் கம்பெனி வேனில் பள்ளிகொண்டா வந்தோம். சூப்பர்வைசரும் வந்திருந்தார். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, உன் வீட்டுக்காரரிடம் நல்ல மனதோடுதான் சொன்னார். "இந்த மாரி கை லைன்ல இனிமே வராது. பாவம், அந்த கையே அவங்களுக்கு ஒத்துழைக்கல." உன் வீட்டுக்காரர் தலையாட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "அவ கை நல்லாத்தான் இருந்துச்சு. வலிச்சது என் கை" என்றேன். புடவை முந்தானையை ஒதுக்கி மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினேன். சாப்பர், துருவி, நோட்டு, எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். வாணியம்பாடி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

முதலில் பேசியது உன் வீட்டுக்காரர்தான். "இடது கையால சமைச்சிக்கினு இருந்தாளே. கை போச்சின்னுல்ல நான் நெனச்சேன். அப்ப ரெண்டு வருஷமா நான் துணி தொவைச்சது?"

பிறகு அவரே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "சொல்லவே இல்ல பாரு" என்று உன் படத்தைப் பார்த்துச் சொன்னார். துணி துவைக்கும் வேலை போனதை நீ எவ்வளவு அனுபவித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டோம், காரிய வீடு என்பதையும் மறந்து.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். மிஷின் போயிற்று என்றுதான் போனேன். தழும்பைப் பார்த்தார், அன்று நான் தைத்ததை எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஓட்ற. போய் ஓட்டு" என்றார். நான் திரும்பும்போது, "ஒரு ஜோடி தெச்சி காட்டுன்னு நான் அவங்கள கேட்டிருக்கணும்" என்றார். அவர் சொன்னது நீ கேட்க வேண்டியது.

மகள் இப்போது திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். நான் இரண்டு கையாலும் சமைக்கிறேன், கைவிடாமல் கிளறுகிறேன், மிஷினில் உட்காருகிறேன். உனக்கு நன்றி என்று நீ இருந்தபோது ஒரு நாளும் சொல்லவில்லை, சொன்னால் அடித்திருப்பாய். இப்போது சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள்கூட உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன். உன் கைக்கு ஒன்றுமே இல்லை என்று இப்போது லைன் முழுக்கத் தெரியும்.